அப்பாவுக்கு மட்டும்

ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் நீ பழுது பார்க்கும் லிஃப்டுகளும் ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் உட்கார். நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய். உன் தங்கை கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்! முப்பத்தொரு வயதில்! பகலில் துணிக்கடை, மாலையில் வகுப்பு. முதலாண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நாக்கில் தடவிக் காட்டுகிறார்கள். ஓவிய அறிமுகம், பொருளியல் அறிமுகம், கற்பித்தல் அறிமுகம். ஓவிய ஆசிரியை முதல் நாளே ஒரு நாற்காலிப் படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொன்னார். "நாற்காலின்னு தெரிஞ்சுட்டா நீங்க அதைப் பார்க்கவே மாட்டீங்க" என்கிறார். பொருளியல்காரர் ஒரு மணி நேரம் ஒரே விஷயத்தைச் சொன்னார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கைவிடுகிறோமோ, அதுதான் தேர்ந்தெடுத்ததன் உண்மையான விலையாம். அம்மா இருந்திருந்தால் ஒரே பார்வையில் இதைச் சொல்லி முடித்திருப்பாள்.

கற்பித்தல் பாடத்துக்குச் செய்முறையும் உண்டு. சனிக்கிழமை காலை, தபால் நிலையத்துக்கு மேல்மாடியில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து நான் அங்கே டீச்சர். இதை மட்டும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிடுவார். அவரும் இப்போது சனிக்கிழமையானால் பழைய அச்சகக் கூட்டாளிகளோடு சீட்டாடக் கிளம்பிவிடுகிறார்.

"அவன் எப்ப வருவான்னு கேளு" என்று இந்தத் தடவையும் சொன்னார். கேட்டுவிட்டேன். நீ வந்து மூன்று வருடமாகிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சில்வண்டு

ஜூலை 3

சில்வண்டுக்கு,

நான் சுகம். லிஃப்டுகள்தான் சுகமில்லை. நேற்று ஒரு கிழவர் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, நான் கதவைத் திறக்கும்வரை என் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்தார்.

நீ கல்லூரியில் சேர்ந்த செய்தி படித்துச் சிரித்தேன், சந்தோஷத்தில்தான். உனக்குச் சொல்லித்தருகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நீ சொல்லித்தரப் போகிறவர்களை நினைத்தால் இன்னும் பாவம். நீ பேசி முடிப்பதற்குள் அவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள்.

இந்தக் காலத்திலுமா எழுத்துத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்? ஒரு பெயர்ப்பலகை, ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எதையும் படிக்காமல் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ!

நீ கேட்டதற்குப் பதில்: வேலை அதிகம், லீவு கிடைக்காது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஜூலை 20

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று எனக்கு முதல் வகுப்பு. புதுச் சேலை, கையில் சாக்பீஸ். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள் என்று வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவதில்லை, தொழிலைத்தான் எழுதுகிறார்கள். தையல்காரம்மா, வாட்ச்மேன், மூட்டை தூக்குகிறவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கடைசியில் "அச்சுக்காரர்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து, "இருக்கேன்" என்று ஒரு குரல். தலையைத் தூக்கினேன்.

அப்பா, அண்ணா! நம் அப்பா. முன்னால் ஒரு சிலேட்டு, சட்டைப் பையில் எனக்குக் காட்டுவதற்காக எடுத்துப்போன சீட்டுக்கட்டு.

அவர் முகம் செத்துப்போயிருந்தது. எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. நானும் ஒன்றும் தெரியாத மாதிரி பலகையில் எழுதினேன். எழுதியது எனக்கே படிக்க முடியாமல் கோணிக்கொண்டு போனது.

வகுப்பு முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் நான்தான் கேட்டேன்.

"அச்சகத்துல முப்பத்தெட்டு வருஷம் எப்படிப்பா?"

"மெஷின் ஓட்டுறவனுக்குப் படிப்பு எதுக்கு? மை எங்க கூடியிருக்கு, எங்க குறைஞ்சிருக்கு, தாள் நேரா விழுதான்னு பார்க்கணும். என்ன எழுதியிருக்குன்னு பார்க்கிறது புரூஃப்காரன் வேலை."

"தினமும் காலையில பேப்பர்?"

"மை எப்படி விழுந்திருக்குன்னு பார்ப்பேன். அப்புறம் படம் பார்ப்பேன். சேதியெல்லாம் உங்கம்மா சொல்லுவா. அவளுக்கு மட்டுந்தான் தெரியும்."

அம்மா போனபிறகு தினமும் என்னிடம், "கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன், நீ படி" என்பார். ஒரு மனிதனுக்குத் தினமும் கண்ணாடி எப்படித் தொலையும்? மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது என் மண்டையில் ஏறவே இல்லையே! நம் பள்ளிக்கூடப் புத்தகங்களை அச்சடித்த மனிதர், அண்ணா.

உடனே எழுது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

சில்வண்டு

ஜூலை 28

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீ விளையாடவில்லையே? விளையாட்டு என்றால் இப்போதே சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் மதிப்பெண் அட்டையை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அந்த ஐந்து நிமிடமும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கணக்கில் நான் தோற்ற வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அதைப் பெருந்தன்மை என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று வேலையில் கவனமே இல்லை. கைவிரலை நசுக்கிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா படுத்திருந்தபோது, சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டுக் கொடுத்தார்களே, அதைப் பற்றி அப்பா உன்னிடம் எப்போதாவது ஏதாவது சொன்னாரா? அந்த நாட்களில் நீ வெளியூரில் இருந்தாய், தெரியும். பிறகாவது சொன்னாரா?

அண்ணன்

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணா,

விரல் எப்படி இருக்கிறது? மருந்து போட்டாயா? எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை.

நீ கேட்ட சீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். ஏன் கேட்கிறாய்?

இப்போது ஒரு சந்தோஷமான செய்தி. எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்களுக்கு அணில், ஆடு என்று ஆரம்பித்தால் அலுத்துவிடும். அதனால் ஒவ்வொருவரும் தான் படிக்க ஆசைப்படும் ஒரு தாளை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதிலிருந்துதான் பாடம். தையல்காரம்மா ஒரு தையல் மெஷின் விளம்பரம் கொண்டுவந்தார். வாட்ச்மேன் பேத்தியின் கட்டுரை கொண்டுவந்தார். அப்பா என்ன கொண்டுவந்தார் தெரியுமா? உன் கடிதம்!

அம்மா இறந்த மாதத்தில் நீ அவருக்கு எழுதியதாம். உறைமேல் 'அப்பாவுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறாய். தபால்காரர் அதைப் படித்துச் சொன்னாராம். "மட்டும்னு எழுதியிருக்கானே, அப்புறம் அதை இன்னொருத்தர் வாயால கேட்கலாமா?" என்று மூன்று வருடம் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார். அதைப் படிக்கத்தான் இந்த வகுப்புக்கே வந்தாராம். எனக்குக்கூடக் காட்டுவதில்லை. கையால் மறைத்துக்கொண்டு ஒரு எழுத்தை மட்டும் விரல் இடுக்கில் காட்டி, "இது என்ன டீச்சர்?" என்கிறார். வகுப்பில் நான் டீச்சர்தான். வாங்க போங்க வேறு!

போன சனிக்கிழமை முதல் சொல்லைப் படித்துவிட்டார். 'அப்பா'. மற்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு என்னிடம் மெதுவாக, "'அன்புள்ள'ன்னுதானே முதல்ல எழுதுவாங்க? அதைக் காணோமே" என்றார். "அவசரத்துல விட்டிருப்பான்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

சட்டைப் பையில் மடித்த தாள் இன்னொன்றும் இருக்கிறது. அதிலிருந்தும் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கிறார். என்ன என்றால், "சின்னதுதான், பழகிப் பார்க்கிறேன்" என்கிறார்.

அப்படி என்னதான் எழுதினாய், கள்ளா?

சில்வண்டு

ஆகஸ்ட் 20

தங்கச்சிக்கு,

உடனே அந்தக் கடிதத்தை அவரிடமிருந்து எடுத்துவிடு. எப்படியாவது எடு. எடுத்து எரித்துவிடு. நீயும் படிக்காதே.

காரணம் கேட்காதே. அவர் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் செய். அதுவரை அந்தக் கடிதத்தில் இல்லாத எழுத்துகளாகப் பார்த்துச் சொல்லிக்கொடு. வீட்டு முகவரிக்கு இனி எழுத மாட்டேன், கல்லூரி முகவரிக்கே எழுதுகிறேன். நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

அண்ணன்

செப்டம்பர் 6

அண்ணா,

சுகமா என்று கேட்கிறேன். உனக்குத்தான் அந்த மரியாதையெல்லாம் மறந்துவிட்டது.

எரிக்கவா? அந்தக் கடிதத்தை அவர் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்குகிறார். அதில் இல்லாத எழுத்துகளாகப் பார்த்துச் சொல்லித்தர வேண்டுமாம்! நான் டீச்சரா, திருடியா? காரணம் சொல்லாமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன்.

ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து அவரையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை வகுப்பில் அப்பா அந்தச் சின்னத் தாளை வைத்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. திடீரென்று நின்றுவிட்டது. தாளை மடித்தார், பையில் வைத்தார். "தலை வலிக்குது டீச்சர்" என்று எழுந்து போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் தலைவலி என்கிறார்.

என்ன நடக்கிறது இந்த வீட்டில்? தெரிந்தால் சொல்.

தங்கை

அக்டோபர் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆறு வாரம் பதில் எழுதாமல் இருந்ததற்குத் திட்டிக்கொள். ஒன்பது தடவை எழுதிக் கிழித்தேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்து நான் வந்து இறங்கியபோது அவளுக்கு நினைவு இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். சின்ன ஆஸ்பத்திரியில் கொடுத்தது. 'இன்றே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும். தாமதிக்க வேண்டாம்.' அதைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! சீட்டை அவர் மடியில் எறிந்துவிட்டு வண்டி பிடிக்க ஓடினேன். வண்டியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து எழுதினேன். என்ன எழுதினேன் என்றால், 'அப்பா, அம்மாவை நீங்கள்தான் கொன்றீர்கள். இரண்டு நாள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் எனக்கு அப்பாவும் இல்லை.' இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதில் வரவில்லை. திமிர் என்று நினைத்தேன். மூன்று வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நீ எழுதியதும் எனக்குக் காலடியில் தரையே இல்லை. நானெல்லாம் ஒரு மனிதனா?

இத்துடன் புதுக் கடிதம் ஒன்று வைத்திருக்கிறேன். அதே பேனா, அதே மாதிரி கோடு போட்ட தாள், மூன்று பக்கம், முதல் சொல் 'அப்பா'. அம்மாவை நீங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதியிருக்கிறேன். அந்த உறைக்குள் இதை வைத்துவிட்டுப் பழையதை எரித்துவிடு. அவருக்கு வித்தியாசம் தெரியாது. உன் காலில் விழுகிறேன்.

அண்ணன்

நவம்பர் 10

அண்ணா,

உன்மேல் கோபப்படத் தெம்பில்லை. அம்மா போன விதம் எனக்குத் தெரியவே தெரியாது. மூன்று நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அழுதேன். அப்பாவிடம் வயிற்றுவலி என்றேன். இந்த வீட்டில் ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வயிற்றுவலி.

அவர் குளிக்கப் போன நேரத்தில் கடிதத்தை மாற்றி வைத்தேன். பழையதை எரிக்க மனம் வராமல் என் பொருளியல் புத்தகத்துக்குள் வைத்தேன்.

தலைவலி என்று எழுந்து போன நாளிலிருந்து தொடாத உறையை அந்தச் சனிக்கிழமை வகுப்பில் பிரித்தார். தாளை வெளியே எடுக்கவே இல்லை. இரண்டு விரலை உள்ளே விட்டார். கட்டைவிரலால் ஒரு தடவு, அவ்வளவுதான்.

"டீச்சர், இது அந்தத் தாள் இல்ல."

"அதேதான்பா" என்றேன். வகுப்பில் முதல் தடவையாக அப்பா என்று கூப்பிட்டுவிட்டேன்.

ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். "அது முரட்டுத் தாள். வெட்டின கத்தி மழுங்கினது, ஓரம் பிசிறா இருக்கும். இது வழவழன்னு இருக்கு, மையும் புதுசு." முப்பத்தெட்டு வருடம் தாளைத் தடவிய விரலை நாம் ஏமாற்றப் பார்த்திருக்கிறோம், அண்ணா. அச்சுக்காரருக்குப் பிறந்த இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை பார்!

பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணன் புதுசா அனுப்பியிருக்கானா? அப்ப பழசுல ஏதோ இருக்கு."

நான் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். "வேண்டாம்பா. கோபத்துல எழுதினது" என்றேன்.

"கோபத்துல எழுதினாலும் எனக்குத்தானே எழுதினான்? குடு."

புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? எதைக் கைவிடுகிறோமோ அதுதான் விலை என்று எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். உன்னைக் காப்பாற்றுவதற்காக அவரை இன்னொரு தடவை எழுத்துத் தெரியாதவராக்க என்னால் முடியவில்லை. இரண்டு கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை.

தங்கை

நவம்பர் 24

தங்கச்சிக்கு,

எவ்வளவு தூரம் படித்திருக்கிறார்? முகம் எப்படி இருக்கிறது? ஒரு வரியாவது எழுது. நல்லதோ கெட்டதோ, தெரியாமல் இருப்பதுதான் கொல்கிறது.

அண்ணன்

டிசம்பர் 18

தங்கச்சி,

ஒரு மாதமாகிவிட்டது. லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். கேட்டால் எப்போதும் கொடுத்திருப்பார்கள். நான் கேட்டதே இல்லை, அதுதான் உண்மை.

பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரலாமா, கூடாதா? அவரிடம் கேட்டுச் சொல். அவர் சொல்லாமல் வாசலில் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன்

ஜனவரி 9

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

ஒரு மாதத்துக்குள் பதில் போடச் சொன்னாய். முடியவில்லை. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது.

பழைய கடிதம் படிக்க இருபத்திரண்டு நாள் ஆனது. புதியது நான்கு நாள். பாப்பாவை எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவளைத் திட்டாதே. பதில் நான் போட வேண்டியது.

புதிய கடிதத்தில் நான் அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். அது உண்மை இல்லை.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துவிட்டேன். நான் முழுதாகப் படித்த முதல் தாள் அதுதான். ஏழு சொல். நர்ஸ் கொடுத்தபோது, இதில் இருக்கிற மாதிரி செய்யுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். மாத்திரை பற்றி என்று நினைத்தேன். எப்போதும் அம்மாதான் படித்துச் சொல்லுவாள். அவள் கண் விழித்ததும் கேட்கலாம் என்று பையில் வைத்தேன். அவள் விழிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஏன் என்று ஒரு வரி கேட்டாய். அந்த வரி இதுதான்.

நீ எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. இரண்டு நாள் இல்லை. மூன்று நாள்.

இதை நானே எழுதினேன். ஆறு தாள் வீணாகிவிட்டது.

பெட்டி கட்டி வைத்திருப்பதாகப் பாப்பா சொன்னாள். அதற்கு முன் எனக்கு ஒரு கடிதம் போடு. நான் உனக்கு அப்பாதானா என்று எழுது. எதுவானாலும் எழுது. உறைமேல் அப்பாவுக்கு மட்டும் என்று போடு.

நானே படித்துக்கொள்வேன்.

அப்பா